இஷ்டப்பிரசாதம்

பனிமயம் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பார்களா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டாயிற்று. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் அது மாதாவின் பெயர், தெருவுக்கு ஒரு பனிமயம் இருப்பாள் என்று அவள் சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் வெயிலில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, முகமெல்லாம் வியர்வையாக நின்றுகொண்டு ஒரு பனிமயம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மாடியறையை அவளுக்கும் அவளோடு வந்த மூன்று பெண்களுக்கும் வாடகைக்கு விட்டேன். என் அகத்துக்காரர் வரதுவுக்கு அது பிடிக்கவே இல்லை. கோயில் கைங்கரியக் குடும்பம், மாடியில் மீன் வாசனை கிளம்பினால் சன்னதித் தெருவில் தலைகாட்ட முடியாது என்று முணுமுணுத்தார். மீன் சமைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

"இங்க கிடைக்கதெல்லாம் ஐஸ்ல கிடந்த பிணம்லா மாமி, அதை யாரு திம்பா" என்றாள் பனிமயம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்தப் பெண்ணின் கதையை என்னால் நிதானமாகச் சொல்லவே முடியாது. "அம்ருதவல்லி, கொஞ்சம் மூச்சு விட்டுண்டு சொல்லேன்டி" என்பார் வரது. மூச்சு விட்டுக்கொண்டு சொல்கிற கதையா இது? இரண்டாயிரத்து மூன்று, நான்கு அந்த வருஷங்களில் எங்கள் ஊரே தலைகால் புரியாமல் இருந்தது. நேற்றுவரை நெல் விளைந்த இடத்தில் இன்று கம்பெனி காம்பவுண்டு சுவர். ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் வண்டிகள் வரிசையாகப் போகும். அந்தக் களேபரத்தின் நடுவில் என் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்தாள் இவள். வந்த மாதமே என் மண்டைக்குள் ஒரு சண்டையை மூட்டிவிட்டாள்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் அம்மா தெரேசம்மாள், "மாதாவே, பிள்ளையைப் பொழைக்க வையும், இவளை உமக்கே குடுத்துருதேன், கன்னியாஸ்திரி ஆக்கிருதேன்" என்று நேர்ந்துகொண்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் மாதாவின் பிள்ளை. ஊரில் பையன்கள் அவளைக் கிண்டல் செய்யக்கூட பயப்படுவார்களாம். பிளஸ் டூ முடித்த கையோடு மடத்தில் கொண்டு விட்டார்கள். அங்கே தலைமைச் சிஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, "அம்மா நேர்ந்தது இருக்கட்டும், உனக்கு இதுல மனசு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"பிறந்ததுல இருந்து அன்னைக்குத்தான் மாமி என்கிட்ட ஒருத்தர் கேட்டாவ. எனக்கு வாயே வரல. ஆமான்னும் வரல, இல்லன்னும் வரல. போயி யோசிச்சிட்டு வான்னு அனுப்பிட்டாவ" என்றாள்.

யோசிக்கிற காலத்துக்கு வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்றுதான் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பஸ் ஏறிவிட்டாள். அம்மா ஒரு வருஷக் கெடு வைத்தாள். முடிந்ததும் திரும்பி வந்து மடத்தில் சேர வேண்டும்.

அவளுடைய அம்மா போனில் பேசுகிற வார்த்தை ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டு போனுக்குத்தான் அழைப்பாள். "பிள்ளைக்கு தேவ இஷ்டப்பிரசாதம் குறையாம இருக்கணும் ஐயரம்மா" என்பாள். நான் ஐயங்கார் என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தம்மாளுக்கு ஐயரம்மாதான். பிரசாதம் என்ற சொல் வரதுவின் காதில் விழுந்துவிட்டது.

"பிரசாதம் குறையறதாமா? நாளைக்குப் புளியோதரை நெறைய கொண்டு வரேன்னு சொல்லு" என்றார். சொன்னபடியே மறுநாள் தொன்னை தொன்னையாகக் கொண்டுவந்தும் கொடுத்தார். பனிமயம் அதைச் சாப்பிட்டுக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். இஷ்டப்பிரசாதம் என்றால் கடவுளின் அருள், பழைய ஜெபப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், இப்போது அருள் என்றே சொல்கிறார்கள், அம்மா பழைய ஆள் என்று விளக்கினாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"இஷ்டம்னு இருக்கேடி அதுல. யாரோட இஷ்டம்?" என்று கேட்டேன்.

"கடவுளோட இஷ்டம். அவராப் பார்த்துச் சும்மா குடுக்கது."

"உன் இஷ்டம் எங்கே போச்சு?"

அவள் தொன்னையைக் கசக்கி மடித்தாள். பிறகு கை கழுவப் போய்விட்டாள்.

ஈப்பன் வந்த பிறகுதான் சண்டை சூடு பிடித்தது. அதே கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். கோட்டயம் பக்கம். சிரியன் ஆர்த்தடாக்ஸ். அவனும் கிறிஸ்தவன், இவளும் கிறிஸ்தவள், அப்புறம் என்ன என்று நினைத்தேன். அட, அப்படியில்லை. மாதாவைக் கும்பிடுவதில்கூட இரண்டு பேருக்கும் வேறுவேறு கணக்கு. ஷிஃப்ட் வண்டியில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாக்குவாதம் செய்வார்களாம். வண்டி டிரைவர் நாகப்பன் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் முறையிட்டார்.

"இன்னாம்மா இது, தெனம் இதுங்களோட பேஜாராக் கீது. சாமி நம்மள இட்டுக்கினு போதா, நாமளே போறமான்னு பேசிக்கினே வருதுங்க. வண்டிய ஓட்டறது நானு. அத ஒருத்தரும் சொல்ல மாட்றாங்க."

எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஈப்பனைக் காபிக்குக் கூப்பிட்டுவிட்டேன். கூடத்தில் உட்கார வைத்து, "இப்போ சொல்லு, என்ன சண்டை?" என்றேன்.

அவர்கள் கம்பெனியில் வயர் நுனியில் பித்தளை முனையை அழுத்துகிற மெஷின் ஒன்று உண்டாம். கை நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். ஈப்பன் அதை வைத்தே ஆரம்பித்தான்.

"கரன்ட் கம்பெனியோடது சேச்சி. பட்டன் இவளோட கையில். கரன்ட் இல்லாம இவ எத்தற அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. இவ அமுக்காம கரன்ட் மட்டும் இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. தெய்வமும் மனுஷனும் சேர்ந்து செய்யணும். அதான் எங்க சபை சொல்றது."

"அமுக்கணும்னு எனக்குத் தோணுதுல்லா, அந்த நினைப்பே அவரு குடுத்ததுதான். முதல்ல அருள் வந்து மனசைத் தொடும். பொறவுதான் நான் கையை நீட்டுவேன். நானா முதல்ல நீட்டிட்டேன்னு சொல்லிக்கிட முடியாது" என்றாள் பனிமயம்.

"அப்போ நீ அமுக்காம இருக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். அவரு தொட்டாலும் நான் உதறலாம். அது என் இஷ்டம். ஆனா நல்லது எது செஞ்சாலும் ஆரம்பம் அவரோடதுதான்."

நான் கத்தியே விட்டேன். இது எங்கள் வீட்டுச் சண்டை. பகவான் பூனை மாதிரியா, குரங்கு மாதிரியா என்று எங்கள் பெரியவர்கள் அடித்துக்கொண்டதுதான். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். குரங்குக்குட்டியோ தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனை என்பது தென்கலை, குரங்கு என்பது வடகலை. நான் பிறந்தது வடகலை, வாழ்க்கைப்பட்டது தென்கலை. கல்யாணமான நாளாக இந்த வீட்டில் ஒரே குரங்கு நான்தான். அதை அவர்களுக்குச் சொன்னதும் வரது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "அதுல என்ன சந்தேகம்" என்றார்.

பனிமயம் விடவில்லை. "எங்களது வெறும் பூனை இல்ல மாமி. தாய் குனிஞ்சு கவ்வ வந்தாலும் குட்டி ஓடிப் போகலாம்லா. ஆனா முதல்ல குனியது தாய்தான்" என்றாள். ஈப்பன் அதற்கு, தாய் குனிவதும் குட்டி தலையை நீட்டுவதும் ஒரே சமயம், எது முதலில் என்று நாம் அளந்து பார்ப்பதே தப்பு என்றான். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆயிற்று. பால் பொங்கி வழிய, வரதுதான் போய் அடுப்பை அணைத்தார்.

பிறகு பேச்சு மாதாவுக்குத் திரும்பியது. மாதா கருவில் உருவான கணத்திலேயே பாவம் தொடாமல் கடவுள் அருளால் காத்தார் என்பது கத்தோலிக்கர்களின் விசுவாசம். ஈப்பனின் சபை அதை ஏற்பதில்லை. அவளும் நம்மைப் போலத்தான் பிறந்தாள், தேவதூதன் வந்து பிள்ளை பெறுவாய் என்றபோது மாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம், ஆகட்டும் என்று தானே சொன்னாள், பெருமை அதில்தான் இருக்கிறது என்றான் அவன்.

"எங்க மாதாவும் தானாத்தான் சொன்னாவ. அருள் கையைக் கட்டாது ஈப்பன். கட்டி இருந்தா அவுத்து விடும்" என்றாள் பனிமயம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்படின்னா உங்கம்மா பண்ணிண்ட நேர்ச்சை மட்டும் உன் கையை ஏன்டி கட்டறது?" என்று கேட்டுவிட்டேன்.

ஈப்பனுக்கு நேர்ச்சை விஷயம் அதுவரை தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். தலையைக் குனிந்துகொண்டு, "எனிக்கு நின்னெ இஷ்டமாணு. அதை இன்னைக்குப் பறயணும்னுதான் வந்தேன்" என்றான். மலையாளத்தில் இஷ்டம் என்றால் பிரியம். பனிமயம் எழுந்து மாடிக்கு ஓடிவிட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். "ஆனா மாதா குடுத்த உயிரு மாமி இது. எனக்குன்னு எடுத்துக்கிட்டா அது திருட்டு ஆயிராதா? அம்மா செத்தே போவாவ" என்றாள். என்னைக் கேட்காமல்தான் என்னையும் கட்டிக் கொடுத்தார்கள். வரது நல்ல மனிதராக வாய்த்தார் என்பது வேறு விஷயம். இவளுக்காவது கேட்டுச் செய்யட்டுமே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றே தெரேசம்மாளுக்கு போன் போட்டு, ஒருதரம் வந்துவிட்டுப் போங்கள் என்றேன்.

அந்தம்மாள் கறுத்து ஒடிசலாக, கழுத்தில் ஜெபமாலையோடு வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தவில்லை, அழவில்லை. "நான் மாதாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்துச் சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. தாயும் மகளும் கிளம்ப, நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன். விடுவேனா?

சாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நேர்ச்சை நேர்ந்தவங்களை மட்டும்தான் கட்டும். அடுத்தவங்க தலையில அதை ஏத்த முடியாது. இது நான் சொல்றதில்ல, திருச்சபைச் சட்டம். உங்க மகள் மேல எந்த நேர்ச்சையும் இல்ல" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இத்தனை வருஷம் இந்தப் பெண்ணைக் கட்டியிருந்த கயிறு உண்மையில் இல்லவே இல்லை. கைகொட்டலாமா என்றிருந்தது. தெரேசம்மாளின் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப அது என்மேலதான் இருக்கா சாமி?"

"உங்க மேலதான். நான் அதை வேற நற்செயலா மாத்திக் கொடுக்கிறேன். ஊர்ல ஏழைகளுக்கு ஒரு அசனம் போடுங்க. மாதா ஏத்துக்குவாங்க."

"சோறு போட்டா பிள்ளைக்கு ஈடாகுமா சாமி?" என்றாள் அவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளைப் பார்த்து, "நான் தடுக்கவும் மாட்டேன், போன்னு சொல்லவும் மாட்டேன். உன் பாடு" என்றாள்.

இனி இவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். நடந்ததோ நேர்மாறு. பனிமயம் பயந்துபோய்விட்டாள். "இதுவரை அம்மா நேர்ந்துட்டாவன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப யாரைச் சொல்ல?" என்றாள். ஈப்பனும் அவசரப்படுத்தவில்லை. நீயே பறயணும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒருநாள் அவனிடம், "உங்க வீட்டுல இருந்து வந்து பேசச் சொல்லுங்க" என்றாளாம். அவ்வளவுதான். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிடித்திருக்கிறது, கட்டிக்கொள்கிறேன் என்று அவள் வாயால் சொல்லவே இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கேட்டேன்.

"கோயில்ல சொல்லுவேன் மாமி" என்றாள். கத்தோலிக்க முறையில் தாலி கட்டுவதற்கு முன் சாமியார் கேட்பாராம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடுதான் வந்தாயா என்று. சம்மதம் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கல்யாணமே இல்லை. "அதை எல்லாருக்கும் முன்னால, அம்மா காதுல விழுத மாதிரி சொல்லணும். அன்னைக்கு மடத்துல வராத வாய் இப்ப வருதான்னு பார்க்கணும்" என்றாள். கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். கூட இருந்த பெண்கள் "ஏட்டி, சம்மதம் வருது பாரு" என்று அவளையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு பக்கத்து ஆயர்களிடமும், அதாவது பிஷப்புகளிடமும், அனுமதி வாங்கி, சென்னையில் மாப்பிள்ளை சபையின் கோயிலில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். எங்கே நடந்தால் என்ன, கேட்கிற கேள்வி ஒன்றுதானே என்று பனிமயமும் ஒத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கோயில் அறையில் பெரியவர்களைக் கூப்பிட்டு, பெண்ணுக்குச் சம்மதம்தானே என்று அச்சன், அதாவது அவர்கள் சாமியார், விசாரித்திருக்கிறார். "அதெல்லாம் சம்மதந்தான்" என்று அவளுடைய தாய்மாமன் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பக்கத்திலேயே நின்ற பனிமயத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே கேட்பார்கள் என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

நான் மடிசார் கட்டிக்கொண்டு முதல் தடவையாக ஒரு மாதா கோயிலுக்குள் போனேன். வரது ஆண்கள் பக்கம் போய் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டார். பெண் பக்கத்தில் ஆள் குறைவு என்று என்னை மணப்பெண்ணுக்கு நேர் பின்னால் நிறுத்திவிட்டார்கள். சாம்பிராணிப் புகை, குட்டி மணிகள், புரியாத பாஷையில் நீளமான பாட்டு. அப்பப்பா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தெரேசம்மாள் கடைசி வரிசையில், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். மாமன் போய்க் கூப்பிட்டும் முன்னால் வரவில்லை.

மோதிரம் மந்திரித்தார்கள், போட்டார்கள். கேள்வி வரவில்லை. பாட்டு தொடர்ந்தது. வேத வாசகம் ஆயிற்று. கேள்வி வரவில்லை. பனிமயத்தின் முதுகு விறைப்பதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அச்சன் தங்கச் சங்கிலியைக் கையில் எடுத்தார். அவர்களுடைய முறையில் அதுதான் மகுடம். அதைத் தலையில் சூட்டினால் கல்யாணம் ஆனமாதிரிதான். பனிமயம் மெதுவாக ஈப்பன் பக்கம் சாய்ந்தாள்.

"எப்பக் கேப்பாரு?"

"என்னது?"

"சம்மதமான்னு."

"இங்கே கேக்கறதில்லா" என்றான் அவன். "முடி சூட்டுறது தெய்வம். நாம தலை குனிஞ்சா மதி, அது போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீயே தேர்ந்தெடு, நீயே பட்டனை அமுக்கு என்று காது புளிக்கச் சொன்னவனின் கோயிலில் கேள்வியே கிடையாது. எல்லாம் அருள், ஆரம்பம் அவருடையது என்று சொன்னவளின் கோயிலில்தான் வாயைத் திறந்து சொன்னால்தான் கல்யாணம். இத்தனை நாள் சண்டை போட்டவர்கள் இதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லையே. அங்கேயே ஈப்பனின் முதுகில் ஒன்று வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். சங்கிலி கிட்டே வந்துகொண்டிருந்தது. ஈப்பன் தலையைக் குனிந்தான்.

பனிமயம் குனியவில்லை.

"சாமி, கொஞ்சம் பொறுங்க" என்றாள். பாட்டுக்காரர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அச்சனின் கை அந்தரத்தில் நின்றது. அவள் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"இங்க யாரும் கேக்க மாட்டாவளாம். பரவாயில்ல, நானே சொல்லுதேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தல. இவரைக் கட்டிக்கிட எனக்குச் சம்மதம்."

மாமன் வாயைப் பொத்திக்கொண்டார். ஈப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. "எனிக்கும் சம்மதம்" என்றான், ஏதோ பள்ளிக்கூடப் பையனைப் போல. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது மூக்குக் கண்ணாடி மங்கியபோதுதான் தெரிந்தது. அச்சன் வயதானவர். மேலே என்ன செய்வது என்று தெரியாமல் சங்கிலியோடு நின்றார்.

அப்போது கடைசி வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. தெரேசம்மாள் எழுந்து நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் சம்மதந்தான் சாமி" என்றாள். "மேல நடத்துங்க."